முத்தின் கருவைத் தேடியோர்

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய ஊர்களுக்கு எதிரே கடலடியிற் பரந்து கிடக்கும் பாறைத் திடல்களைக் கரையோர மக்கள் 'பார்' என்பர். முத்துச்சிப்பி பற்றி வளர்வது அப்பார்களிலேயே. முற்காலத்தில் சிப்பி விளைந்த ஆண்டிற் சலாபம் கூடிற்று. வெறும் மணலில் ஓலைக்கொட்டில்கள் எழுந்து ஒரு நகரமே தோன்றிற்று. விளையாத ஆண்டில் அங்கே காற்றும் முட்புதருமே எஞ்சின.

இந்நிலையாமையை வெல்ல முதலில் முயன்றவர்களுள் ஒருவர் இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலார்ட். 1857 இல் ஆராய்ச்சி தொடங்கிய அவர், சிப்பியின் உடலிற் புழுக்களைக் கண்டு, முத்து உண்டாவதற்கு அவையும் காரணமென்று கருதினார். அப்புழுக்களைப் பிற பார்களிலும் பரப்பினால் முத்துப் பெருகும் என எண்ணினார். உயிரினுள் நிகழும் செயலை மனிதன் தன் பயனுக்குத் திருப்பலாம் என்னும் அவ்வெண்ணம், அக்காலத்திற்கு மிகத் துணிவானதே. 1860 இல் அவர் காலமானார்.

1892 முதல் 1902 வரை சலாபம் கூடவேயில்லை. கவலையுற்ற அரசு, லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை 1902 இல் அழைத்தது. அவரும் துணைவர் ஹோர்னெலும் பார்களை ஆராய்ந்தனர். பெரிய பாரில் இளஞ்சிப்பி பலமுறை திரண்டும் சலாபத்திற்கு உதவாமற் போனதன் காரணத்தை அவர்கள் கண்டனர். ஆழ்கடல் விளிம்பிலுள்ள அப்பாரைத் தென்மேற்குப் பருவக் கடல் வாரிச் சென்றுவிடுகிறது. ஆதலின் இளஞ்சிப்பியைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றவேண்டும் என்றனர். இது நல்ல அறிவுரை.

முத்தின் கருவைப் பற்றிய அவர்கள் கொள்கையோ வேறு விதமாயிற்று. நாடாப்புழுவின் இளம்பருவம் சிப்பியுட் புகுந்து இறக்க, அதன்மேற் படலம் படலமாகப் படிவதே நன்முத்து என்றனர். அப்புழுவுக்கு 'முத்தாக்கி' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரும் கிடைத்தது. அது திருக்கையின் வயிற்றில் முதிர்கிறதென்றும் கருதப்பட்டது. அவ்வாறாயின் சிப்பியைத் தின்றழிக்கும் திருக்கையே முத்துக்கும் துணை! கடற்கட்டியின் மந்திரத்தை நம்பிய மூழ்குவோர் இதைக் கேட்டால் நகைத்திருப்பர்.

1905 இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூழ்குவோரின் மூன்றிலொரு பங்கு நீங்க, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. சிப்பியை அழுகவிட்டுக் கழுவியே முத்தைப் பிரித்தனர். அப்பணியை ஊதியமின்றிச் செய்தவை நுண்ணுயிர்களே. வெற்றியால் மயங்கிய கம்பனியொன்று, 1906 இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க் குத்தகையில் இருபதாண்டுகளுக்குப் பார்களை எடுத்தது. 1907 இற்குப் பின் பார்கள் வெறுமையாயின; தவணை முடியுமுன்பே கம்பனி கலைந்தது. புழுவின் பெயர் அறிந்தும் பயனில்லை.

1912 இல் ஜேம்சன் என்னும் அறிஞர் அந்நாடாப்புழுக் கொள்கையையே மறுத்தார். யப்பானிய ஆராய்ச்சியாளர் வேறு வழி சென்றனர். சிப்பியின் மேலுறைத் தசைத்துண்டு ஒன்றை ஓட்டுமணியுடன் மற்றொரு சிப்பியில் வைத்தனர். அத்துண்டு பையாக வளர்ந்து மணியைச் சூழ்ந்து முத்தைச் சுரந்தது. புழு வேண்டியதில்லை, சுரக்கும் உயிரணுவே வேண்டியது. இன்று நுண்ணுயிரைக் கொண்டு மருந்தும் எரிபொருளும் ஆக்க முயல்வோரும் இதனையொத்த தெரிவையே செய்கின்றனர். உயிரணுவினுள் எந்த வேதிப்பாதையை மாற்றுவது, 2002 இல் அறியப்பட்ட ஆர்.என்.ஏ. விசைகளுள் எதனால் அதைத் திறந்து மூடுவது என்பதே அவர்கள் ஆராய்ச்சி.

மன்னார்க் குடாவின் மறுகரையில், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், 1973 இல் இந்திய அறிஞர் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தனர். அதற்குப் பயன்பட்டதும் அதே இனச் சிப்பியே.