படிக்கலாம், எழுதக் கூடாது

'எழுதப் படிக்கத் தெரியுமா?' தமிழில் இப்படித்தான் கேட்கிறோம். எழுத்தும் படிப்பும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டே வரும். ஒன்று மட்டும் வந்து மற்றது வராமல் போகும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. ஆனால் இங்கிலாந்தில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். ஏழைப் பிள்ளைகளில் பலருக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், எழுத மட்டும் கற்றுத்தரவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, திட்டமிட்டே விட்டது.

இதைச் செய்தவர்கள் கொடியவர்களா என்றால் இல்லை. தங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வேறு யாரும் எட்டிப் பார்க்காத சந்துகளுக்கு நடந்துபோன தேவாலயத் தொண்டர்கள். இந்தக் கதை லேசில் தீராததற்கு அதுதான் காரணம்.

*

குளோஸ்டர், 1780. குண்டூசிக்குப் பேர்போன ஊர். குண்டூசிப் பட்டறைகளில் வேலை செய்தவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு மட்டும் லீவு. ராபர்ட் ரெய்க்ஸ் அந்த ஊரில் 'குளோஸ்டர் ஜர்னல்' என்ற பத்திரிகையை நடத்தியவர். அப்பா தொடங்கிய பத்திரிகை அது. சிறைச்சாலைகளின் அவலத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர், சிறைக்கு நேரில் போய்ப் பார்த்தவர்.

ஒருநாள் நகரின் ஓரத்தில் கந்தல் உடையோடு தெருவில் உருண்டுகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து வருத்தப்படுகிறார். பக்கத்தில் நின்ற பெண், இதெல்லாம் ஒன்றுமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்கிறார். பட்டறைகள் மூடியிருக்கும் நாளில் தெரு முழுக்க அவர்கள்தான், சூதாட்டம், கெட்ட வார்த்தை, சண்டை. ரெய்க்ஸ் பிறகு ஒரு கடிதத்தில் எழுதிய தகவல் இது.

அவர் செய்தது எளிமையான காரியம். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தரும் பெண்கள் அந்தப் பகுதியிலேயே இருந்தார்கள். அவர்களில் நான்கு பேருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஷில்லிங் என்று பேசி ஏற்பாடு செய்தார். தாமஸ் ஸ்டாக் என்ற உதவிக் குருவும் கூட நின்றார். முதல் வகுப்புகளில் ஒன்று நடந்த இடத்தின் பெயர் 'சூட்டி ஆலி', நம்ம பாஷையில் கரிச்சந்து. புகைபோக்கி துடைப்பவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் என்பார்கள். காலை பத்து மணிக்கு வகுப்பு, நடுவில் சாப்பாட்டுக்கு வீடு, மறுபடி பாடம், தேவாலயம், ஞானோபதேசம் என்று மாலை ஐந்து தாண்டும்வரை ஓடும். நிபந்தனை மூன்றுதான்: கை கழுவியிருக்க வேண்டும், முகம் கழுவியிருக்க வேண்டும், தலை வாரியிருக்க வேண்டும். நல்ல துணி இல்லையே என்று பெற்றோர் தயங்கியபோது, தெருவில் திரியப் போதுமான துணி பள்ளிக்கும் போதும் என்றார் ரெய்க்ஸ். ஊரார் இந்தக் கந்தல் பட்டாளத்தைக் கேலி செய்து அவருக்கே பட்டப்பெயர் வைத்தார்கள்.

ஞாயிறு பள்ளியை முதலில் கண்டுபிடித்தவர் ரெய்க்ஸ் அல்ல. ஹை விக்கமில் ஹன்னா பால் என்ற பெண் 1769-லேயே நடத்தியிருக்கிறார். ரெய்க்ஸிடம் இருந்தது அச்சகம். 1783 நவம்பரில் தன் பத்திரிகையில் செய்தி போட்டார், மற்ற பத்திரிகைகள் எடுத்துப் போட்டன, ஜான் வெஸ்லியும் தன் இதழில் போட்டார். 1785-இல் லண்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் உருவாகிவிட்டது. சில ஆண்டுகளில் சம்பள ஆசிரியர்கள் குறைந்து, காசு வாங்காமல் கற்பிக்கும் தொண்டர்கள் வந்தார்கள். சம்பளம் இல்லை என்பதால்தான் பள்ளிகள் இவ்வளவு வேகமாகப் பெருக முடிந்தது.

*

அந்தத் தொண்டர்களில் மிகப் பெரிய பெயர் ஹன்னா மோர். நாடகாசிரியர், சாமுவேல் ஜான்சனின் நட்பு வட்டத்தில் இருந்தவர், அடிமை வணிகத்துக்கு எதிராக எழுதியவர். 1789-இல் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் மெண்டிப் மலைப் பகுதியில் செடார் என்ற ஊரைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே ஏதாவது செய்தாக வேண்டும் என்றார். பணம் நான் தருகிறேன், வேலை நீங்கள் பாருங்கள் என்பது ஏற்பாடு.

மோர் தன் தங்கை பேட்டியோடு கிளம்பினார். பங்கின் குரு ஆக்ஸ்ஃபர்டில் குடியிருந்தார், ஊருக்கு வருவதில்லை. ஊரெல்லாம் தேடியதில் கண்ணில் பட்டது ஒரே ஒரு பைபிள், அது பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தது. பெரிய பண்ணைக்காரர் ஒருவர், தயவுசெய்து இங்கே மதத்தைக் கொண்டுவராதீர்கள், அது ஏழைகளைச் சோம்பேறியாக்கிவிடும் என்றார். மோர் அசரவில்லை. தன்னிடம் ஒரு சின்னத் திட்டம் இருக்கிறது, அது வந்தால் உங்கள் தோட்டத்துப் பழம் களவு போகாது, முயலை யாரும் சுட மாட்டார்கள், ஏழைகளுக்காகக் கட்டும் வரியும் குறையலாம் என்று பண்ணைக்காரர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். இன்றைக்கு நன்கொடையாளருக்குத் திட்ட அறிக்கை எழுதிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தத் தொனி புரியும். குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்று அங்கே பேச்சே இல்லை. கொடுப்பவருக்கு என்ன மிச்சம் என்பதுதான் பேச்சு.

பெற்றோர்களின் பயம் வேறு மாதிரி. ஏழு வருஷம் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளைகள்மேல் இந்த அம்மாளுக்கு உரிமை வந்துவிடும், கடல்தாண்டி அனுப்பிவிடுவார் என்று சிலர் மறுத்தார்கள். அடிமை வணிகத்தை எதிர்த்தவரைப் பார்த்து வந்த பயம் இது. சிரிப்பு வரலாம். ஆனால் இலவசமாக யாராவது ஒன்றைக் கொடுத்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பது ஏழைகளின் அனுபவ அறிவு.

பள்ளிகள் வந்தன. பெண்களுக்கென்று சேமிப்புச் சங்கங்கள் வந்தன. சின்னத் தொகை கட்டிவந்தால் நோயிலும் பிரசவத்திலும் பணம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு வாசிப்பு, ஞானோபதேசம், வார நாட்களில் தையல், பின்னல். எழுத்து கிடையாது. 1801-இல் பேராயருக்கு எழுதிய கடிதத்தில் மோர் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: ஏழைகளுக்கு எழுதக் கற்பிக்க நான் அனுமதிப்பதில்லை, உழைப்பும் பக்தியும் பழக்குவதே என் நோக்கம்.

இந்தக் கடிதம் ஒரு தற்காப்பு. பிரெஞ்சுப் புரட்சி நடந்து, தாமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த காலம். 1800-இல் ரோச்செஸ்டர் பேராயர் ஹார்ஸ்லி ஞாயிறு பள்ளிகளில் புரட்சிக்காரர்கள் நுழைந்துவிட்டார்கள் என்றே எச்சரித்தார். மோரின் பள்ளிகளில் ஒன்றின் ஆசிரியர் மெதடிஸ்ட் பாணியில் கூட்டம் நடத்துகிறார் என்று கிளம்பிய புகார் பல ஆண்டுகள் துண்டறிக்கைச் சண்டையாக ஓடியது. பள்ளிகளையே மூடிவிடச் சொன்னவர்களிடம் மோர் காட்டிய உத்தரவாதம்தான் அந்த வாக்கியம். கவலைப்படாதீர்கள், இவர்கள் எழுத மாட்டார்கள்.

எழுத்தில் அப்படி என்ன பயம்? படிப்பவருக்கு நாம் எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கலாம். பைபிள் கொடுக்கலாம், 1795 முதல் மோரே அச்சிட்டுப் பரப்பிய மலிவு விலை நீதிக்கதைகளைக் கொடுக்கலாம். எழுதுபவர் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மனு எழுதுவார், கணக்கு எழுதுவார், சங்கத்தின் தீர்மானப் புத்தகம் எழுதுவார், பெயர் போடாமல் முதலாளிக்கு மிரட்டல் கடிதமும் எழுதுவார். அப்போதைய இங்கிலாந்தில் அப்படிப்பட்ட கடிதங்கள் நிறையவே எழுதப்பட்டன.

இன்னொரு காரணமும் சொன்னார்கள். வாசிப்பது வேதத்துக்காக, ஆகவே ஓய்வுநாளில் ஆகும். எழுதுவது உலக வேலை, ஓய்வுநாளில் ஆகாது. மூன்றாவது காரணம் செலவு: காகிதம், மை, இறகுப் பேனா எல்லாவற்றுக்கும் காசு வேண்டும்.

*

இந்த மூன்றாவது காரணத்துக்கு விடை மெட்ராஸிலிருந்து போனது.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக் குரு 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். கம்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். பலருடைய அம்மாக்கள் இந்தியர்கள். பெல் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கவில்லை. ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றைக் கடந்து போகும்போது, பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவர் அதை 'மலபார்' பள்ளி என்று குறிப்பிடுகிறார். அன்றைய ஆங்கிலேயர் தமிழுக்கும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். திரும்பிவந்து தன் பள்ளியில் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வைத்தார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இந்த முறையைப் பற்றி 1797-இல் லண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபை ஏழைகளின் பள்ளிகளுக்காக அமைத்த தேசியச் சங்கம் அந்த முறையைத்தான் கையிலெடுத்தது.

ஆக, காகிதமும் வேண்டாம், மையும் வேண்டாம், கைப்பிடி மணல் போதும் என்று தெரிந்துவிட்டது. செலவு என்ற சாக்கு அதோடு போச்சு. ஆனால் அதே பெல், 1805-இல் வெளிவந்த பதிப்பில், ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டும் என்று தான் சொல்லவில்லை என்று எழுதினார். எழும்பூரில் விரலால் எழுதக் கற்றுக்கொடுத்த மனிதர்! நல்லவேளை, நடைமுறையில் அவர் முறையைப் பின்பற்றிய பள்ளிகள் பலவற்றில் எழுத்து நுழையத்தான் செய்தது. (திண்ணைப் பள்ளியையும் ரொம்பப் புகழ வேண்டாம். அங்கே எழுத்தைப் படிப்பிலிருந்து பிரிக்கவில்லை. ஆனால் எந்தச் சாதிப் பிள்ளை திண்ணை ஏறலாம் என்பதில் பிரித்தார்கள்.)

*

கதை திரும்புவது நூற்பாலை நகரங்களில். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டாக்போர்ட்டில் 1784-இல் தொடங்கிய ஞாயிறு பள்ளி பிறகு எந்தச் சபைக்கும் கட்டுப்படாததாக ஆனது. 1805-இல் ஒரு நூற்பாலை அளவுக்குக் கட்டடம் எழுப்பி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தியது. அங்கே ஞாயிற்றுக்கிழமையே எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். மெதடிஸ்ட் தலைவர் ஜேபஸ் பண்டிங் போன்றவர்கள் ஓய்வுநாளில் எழுத்தை நிறுத்தியே தீரவேண்டும் என்று ஊர் ஊராக நெருக்கினார்கள். சில பள்ளிகள் பணிந்தன, சில எழுத்தை வாரநாள் மாலைக்குத் தள்ளின. ஸ்டாக்போர்ட் பணியவில்லை.

பணியாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே பாடம் சொன்னவர்கள் வண்டியில் வந்து இறங்கிய சீமாட்டிகள் அல்லர். அவர்களில் பலர் அதே பள்ளியில் படித்து வளர்ந்த நெசவாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். ஆறு நாள் ஆலையில் நின்றுவிட்டு ஏழாம் நாள் வந்து நின்றவர்கள். எழுதத் தெரியாததால் என்ன இழப்பு என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பள்ளிகளைச் சுற்றி நூலகம், நோய்க்கால உதவி நிதி, ஈமச்சடங்கு நிதி எல்லாம் அவர்கள் காசிலேயே முளைத்தன.

கைத்தறி நெசவாளர் சாமுவேல் பாம்ஃபோர்ட் இதற்கு ஒரு சாட்சி. 1819 ஆகஸ்ட் 16 அன்று வாக்குரிமை கேட்டு மான்செஸ்டரில் கூடிய கூட்டத்துக்குத் தன் ஊரான மிடில்டனிலிருந்து அணிவகுத்து வந்தவர். குதிரைப்படை புகுந்து குறைந்தது 15 பேர் செத்த 'பீட்டர்லூ' அது. பாம்ஃபோர்ட் சிறைக்குப் போனார். பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில், கிராமக் கூட்டங்களில் படிக்கவும் எழுதவும் பேசவும் திறனுள்ள தொழிலாளர்களை உருவாக்கியது முந்தைய முப்பது ஆண்டுகளின் ஞாயிறு பள்ளிகள்தான் என்று பதிவு செய்தார். பண்ணைக்காரர்கள் பயந்தது வீண் பயமில்லை போல.

வரலாற்றாசிரியர்கள் இதில் இரண்டு கட்சி. ஈ. பி. தாம்ப்சன் 1963-இல் எழுதிய நூலில், இந்தப் பள்ளிகள் பிள்ளைகளை ஆலை ஒழுக்கத்துக்குப் பழக்கிய கருவி என்றார். தாமஸ் லக்கர் 1976-இல், இல்லை, இவை தொழிலாளர்கள் தாங்களே நடத்திக்கொண்ட நிறுவனங்கள் என்று வாதிட்டார். செடாரைப் பார்த்தால் தாம்ப்சன் சரி, ஸ்டாக்போர்ட்டைப் பார்த்தால் லக்கர் சரி. எனக்குத் தோன்றுவது, யார் நல்லவர் என்ற கேள்வியை விட்டுவிட்டு, அங்கே எதைக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், அதைத் தீர்மானித்தது யார் என்று கேட்கலாம். மோரின் பள்ளியில் அதை மோர் தீர்மானித்தார். ஸ்டாக்போர்ட்டில் பழைய மாணவர்கள் தீர்மானித்தார்கள்.

1841-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த திருமணங்களின் பதிவேட்டில் மணமகன்களில் மூன்றில் ஒருவர், மணமகள்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். நம்ம ஊர்க் கைநாட்டு மாதிரி. அந்தக் காலத்து எழுத்தறிவைக் கணக்கிட வரலாற்றாசிரியர்கள் பெரிதும் நம்புவது இந்தப் பதிவேடுகளைத்தான். குறி போட்டவர் எழுத்தறிவில்லாதவர், கணக்கு முடிந்தது. 1851-இல் ஞாயிறு பள்ளிகளின் பதிவேடுகளில் சுமார் 24 லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் படித்து, வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டக்கூடிய ஒரு பெண், தன் கல்யாணத்தன்று பேனாவைப் பிடித்துக் குறி மட்டும் போட்டிருக்கலாம். எதிரே இருந்த பக்கத்தில் தன் பெயர் இருப்பதை அவளால் படிக்க முடிந்திருக்கும்.