சேரன்மாதேவிப் பந்தியும் சேலம் நாட்டாரும்

மாணவர் இல்லத் தலைவரின் கடமைகளுள் தலையாயது யாது என வினவின், படிப்பை ஒழுங்குசெய்தல் என்பர் சிலர். நோயுற்றாரைப் பேணுதல் என்பர் சிலர். பந்தியை ஒன்றாக்குதலே தலையாயது என்பது நம் துணிபு. 1925ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இதற்குச் சான்றாகும்.

வ. வே. சு. ஐயர் 1922இல் திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நிறுவினார். தமிழ்நாடு காங்கிரசுக் குழு பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, ஐயாயிரம் அளித்தது. அங்குப் பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே உண்டனர். அவர்தம் பெற்றோர் வேண்ட, ஐயர் உடன்பட்டிருந்தார். இலண்டனில் பல மாகாணத்து இளைஞரும் கூடி வாழ்ந்த இந்தியா ஹவுஸ் என்னும் மாணவர் விடுதியில் தாமே உறைந்தவர் அவர். அவரைச் சாதிப்பற்றாளர் எனல் பொருந்தாது. இருவர் பெற்றோர்க்குத் தந்த வாக்கு, இல்லம் முழுமைக்கும் சட்டமாயிற்று; குறை அதுவே.

இதனை வன்மையாக எதிர்த்தவர் டாக்டர் பெ. வரதராசுலு நாயுடு. அவர் பிறந்த இராசிபுரம் அந்நாளில் சேலம் மாவட்டத்தது. இன்று நாமக்கல் மாவட்டத்தது. பொதுப் பணம் பெற்ற இல்லத்தில் தனிப்பந்தி கூடாது என்பது அவர்தம் வாதம். முன்னரே வாக்குப் பெற்ற இருவரும் தனியே உண்ணலாம், இனி அவ்வாறு எவரையும் சேர்த்தல் ஆகாது எனக் காந்தியடிகள் இணக்கவழி கூறினார். நாயுடு அமைதியுற்றாரல்லர். எண்ணிக்கையால் இருவரே; ஆயின் நாள்தோறும் ஒரு சுவர்க்கு இப்பால் அமர்ந்து உண்ட ஏனைச் சிறுவர் கற்ற பாடம் எத்தகையது?

அதே ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், இராசிபுரத்துக்கு நெடுந்தொலைவில் அல்லாத திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், சேலத்து வழக்கறிஞராய் இருந்த இராசாசி காந்தி ஆசிரமம் அமைத்தார். ஆதிதிராவிடரும் பிறரும் அங்கு ஒருங்கே வாழ்ந்தனர். இவ்விரண்டையும் ஒப்பிடுவார் ஒன்று கருதல் வேண்டும்: ஆசிரமத்தார் நெறியறிந்து தாமே வந்த தொண்டர்; குருகுலத்தாரோ பெற்றோர் கைப்பட்ட சிறுவர். ஐயரின் இடர்ப்பாடு பெரிது. எனினும், புதுப்பாளையத்தில் நெறி முன்னும் மக்கள் பின்னும் வந்தனர் என்பது நோக்கத்தக்கது.

பிறப்பால் வேற்றுமை பாராட்டலாகாது என்னும் எஸ். இராமநாதனின் தீர்மானம் ஏப்ரலில் திருச்சிக் கூட்டத்தில் நிறைவேறியபோது, குழுவினின்று விலகியோருள் இராசாசியும் ஒருவர். பொதுப்பந்தி நடத்தியவரே விலகினமை முரணாகத் தோன்றும். பந்தி ஒன்றாதல் வேண்டுமா என்பதினும், அதனைக் கட்டளையிடுவார் இல்லத் தலைவரா, பொருள் தந்தவரா என்பதே அவர்க்குள் வேறுபாடாயிற்று என நாம் கருதுகின்றோம். நம் கருத்தில், தலைவர் தாமே செய்யத் தவறியதனால்தான் பொருள் தந்தவர் செய்ய நேர்ந்தது.

ஐயர் பொறுப்பினின்று நீங்கினார். சூன் 3ஆம் நாள், மாணவரோடு சென்ற பாபநாசத்து அருவியில், நீரில் வீழ்ந்த மகளைக் காக்கப் பாய்ந்து உயிர் துறந்தார்.