பாதை முன்னாலா, மரம் முன்னாலா?

போன மே மாசம் தங்கச்சி மகனைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போயிருந்தேன். பிரையண்ட் பூங்காவில் நல்ல கூட்டம். ரோஜாப் பாத்திகளைப் பார்த்து முடித்துவிட்டு, 1857ஆம் ஆண்டு மரம் என்று சொல்லப்படுகிற யூகலிப்டஸ் பக்கம் வந்து நின்றோம். பையன் சிவில் இன்ஜினியர். அண்ணாந்து பார்த்தான், சுற்றிலும் பார்த்தான், அப்புறம் கேட்டான்:

"மாமா, இது ஆஸ்திரேலியா மரம்தானே? நம்ம ஊரு மரமே இல்லை. நாளைக்கு இங்க ஒரு நல்ல நடைபாதை போடணும்னா இதை எடுத்துட்டு நேராப் போட்டுடலாமே. எதுக்கு வளைச்சுப் போகணும்?"

அந்த மரத்தை யாரும் வெட்டப் போவதாகச் சொல்லவில்லை. சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காரணம், "அந்நிய மரங்கள் பழனி மலையைக் கெடுத்துவிட்டன" என்று வருஷக்கணக்காக அவனிடம் புலம்பி வந்தவனே நான்தான். மலை முழுக்க அந்நிய மரத்தை எடுக்கணும் என்று சொல்பவன், பூங்காவில் இருக்கும் ஒரு அந்நிய மரத்துக்கு மட்டும் எப்படி வக்காலத்து வாங்குவது? ஊருக்குத் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி விடவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் மரத்தின் வயதைப் பார்ப்போம். பூங்காவைப் பற்றிய குறிப்புகள் 1857 என்கின்றன. கொடைக்கானல் நகரின் வரலாற்றைச் சொல்லும் குறிப்புகளோ, பம்பாய் ராணுவத்தைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் 1867இல் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும் வாட்டிலையும் தருவித்தார் என்கின்றன. இரண்டுக்கும் பத்து வருஷம் இடிக்கிறது. ஒன்று தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி அவசியமில்லை. நீலகிரிக்கு 1843லேயே யூகலிப்டஸ் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1790 வாக்கில், திப்பு சுல்தான் நந்தி மலையில் நட்டதாகச் சொல்வார்கள். நீலகிரியில் வளர்ந்த மரத்தின் விதையோ கன்றோ, பார்ட்ரிட்ஜ் தருவிப்பதற்கு முன்பே கொடைக்கானலுக்கு வந்து சேர வழி இருந்தது. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845லேயே அங்கே பங்களா கட்டியிருந்தார்களே.

சரி, எந்த வருஷம் என்பதை விட்டுவிடுவோம். இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்று மட்டும் மாறாது. மதுரையிலிருந்து வந்த வன அதிகாரி பிரையண்ட் இந்தப் பூங்காவைத் திட்டமிட்டது 1908இல். அப்போது அந்த மரத்துக்குக் குறைந்தது நாற்பது, அதிகம் போனால் ஐம்பது வயது. சுமார் 20 ஏக்கர் பூங்காவின் பாதைகளும் பாத்திகளும் அந்த மரத்துக்குப் பின்னால் வந்தவை. மரம் பாதையை மறித்து நிற்கவில்லை, பாதைதான் மரம் இருந்த இடத்துக்கு வந்தது.

பையன் இதைக் கேட்டால், "முன்னால வந்தவங்களுக்குத்தான் இடமா மாமா? அப்படின்னா எந்த ரோடும் போட முடியாதே" என்பான். நியாயம்தான். ஆனால் பாதைக்கு மரத்துக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. பாதை நகரும். கொடைக்கானலே அதற்குச் சாட்சி. 1914 வாக்கில் லாஸ் காட் சாலை திறக்கும் வரை, பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து மலைப்பாதையில்தான் ஆட்கள் ஏறினார்கள். நடந்து போனார்கள், குதிரையில் போனார்கள், டோலியில் சுமந்து போகப்பட்டார்கள். அப்படிப்பட்ட பாதை மலையின் சொல் கேட்டு வளைந்து வளைந்துதான் போகும். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் போட்ட நடைபாதையும் செங்குத்துச் சரிவின் விளிம்பை ஒட்டியே போகிறது. இன்றைக்கு நாம் டிக்கெட் வாங்கி நடக்கும் கோக்கர்ஸ் வாக் அதுதான். நேராகப் போட்டிருந்தால் அதைப் பார்க்க ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள்.

வெட்டவும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம் என்று நடுவழி கண்டுபிடித்தவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் யோசெமிட்டியில், 1881இல், வவோனா என்ற ராட்சத செக்கோயா மரத்தின் அடியைக் குடைந்து, வண்டி போகிற அளவுக்குச் சுரங்கம் போட்டார்கள். உலகம் முழுக்க அதன் படம் போனது. 1969இல் பனிப்பாரம் தாங்காமல் மரம் சாய்ந்தது. அதே கலிபோர்னியாவின் கலவெராஸ் பூங்காவில் பயனியர் கேபின் என்று இன்னொரு மரம். 1880களில் அதையும் குடைந்தார்கள். முதலில் வண்டிகள் போயின, கடைசிக் காலத்தில் நடப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. 2017 ஜனவரியில் ஒரு புயல் மழையில் அதுவும் விழுந்தது. நூற்றாண்டுகளாகப் பனியையும் தீயையும் பார்த்த மரங்கள். அடியில் ஓட்டை போட்டால் எந்த மரமும் பலவீனமாகத்தான் ஆகும்.

வெட்டுவது, குடைவது மட்டும் என்றில்லை. மரத்தைத் தொடாமலே கொல்லவும் முடியும். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. கிளைகளின் நிழல் விழும் வட்டத்தையும் தாண்டிப் பரவுகிறது. அதன் மேல் ரோலர் ஓட்டி, சிமென்ட் கல் பதித்து, தினமும் ஆயிரம் பேர் நடந்தால் மண் இறுகும், காற்றும் தண்ணீரும் இறங்காது. ஐந்தாறு வருஷத்தில் உச்சிக்கிளை காய ஆரம்பிக்கும். "மரம் பட்டுப்போச்சு, எடுத்துடலாம்" என்று அப்புறம் ஒரு நாள் கோடரி வரும். அன்றைக்கு அந்த நடைபாதை யாருக்கும் ஞாபகம் வராது.

இதுவரை மரத்தின் பக்கம் பேசியாகிவிட்டது. இப்போது என் சங்கடத்துக்கு வருகிறேன்.

பூங்காவை விட்டு வெளியே வந்து மலையைப் பார்த்தால், "யார் முன்னால்" என்ற அதே கேள்வி தைலமரத்துக்கு எதிராகத் திரும்புகிறது. பழனி மலையின் மேல்பகுதி ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளி. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் சோலைக்காடு. ஆங்கிலத்தில் 'ஷோலா' என்று எழுதுகிறார்களே, அது நம்ம 'சோலை'தான். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல ஓடைக்கு விடுவது இந்தப் புல்லும் சோலையும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் வீடு இந்தப் புல்வெளிதான். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. வெள்ளைக்காரர் கண்ணுக்குப் புல்வெளி வெறும் தரிசு. விறகுக்கும், பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும், காகிதக்கூழுக்கும் என்று அதில் மரம் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நிறுத்தவில்லை, இன்னும் வேகமாக நட்டோம். செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்து 2018இல் வெளியான ஒரு ஆய்வு, நாற்பது வருஷத்தில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. வெட்டியதால் காடு அழியும் என்றுதான் படித்திருக்கிறோம். இங்கே நட்டதால் அழிந்திருக்கிறது.

அப்படியானால் மலையில் இருப்பதையெல்லாம் வெட்டிவிடலாமா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை மொத்தமாக வெட்டி வெயில் பட வைத்தாலோ, தீ வைத்தாலோ, அத்தனை விதையும் ஒன்றாக முளைக்கும். ஒரு மரம் இருந்த இடத்தில் நூறு நிற்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கவனிப்பில்லாமல் விட்ட பழைய தோட்டங்கள் சிலவற்றில், வாட்டில் நிழலுக்கு அடியில் சோலை மரங்களின் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அந்த இடங்களில் அந்நிய மரம் செவிலித்தாய் வேலை பார்க்கிறது. அங்கே கோடரி வைத்தால் சாவது வாட்டில் மட்டுமல்ல, அடியில் இருக்கும் சோலைக் குழந்தையும்தான். புல்வெளிக்குள் புதிதாக நுழையும் நாலு கன்றைப் பிடுங்குவதோ நல்ல வேலை. மரம் ஒன்றே, இடம்தான் வேறு.

இங்கே வந்தபோதுதான் பையனின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் மரத்தைப் பற்றி முடிவெடுக்க முடியாது. "வயது என்ன?" என்பதும் பாதிப் பதில்தான். கேட்க வேண்டியது, இது இப்போது இந்த இடத்தில் என்ன செய்கிறது, இது போனால் இங்கே என்ன வரும் என்பது. புல்வெளி ஓரத்தில் நிற்கும் வாட்டில் கன்று போனால் அங்கே புல் வரும், குறிஞ்சி வரும். பூங்கா மரம் போனால்? பத்தடி அகலத்துக்கு சிமென்ட் வரும். அதில் நாம் அரை நிமிஷம் மிச்சம் பிடிப்போம். அந்த ஒற்றை மரத்தை எடுப்பதால் ஒரு ஓடைகூடக் கூடுதலாக ஓடாது. மலையின் கதையை, அதன் தப்பையும் சேர்த்து, ஒன்றரை நூற்றாண்டாக நின்று சொல்லும் ஒரு சாட்சிதான் போய்விடும்.

எதிர்வாதத்தில் ஒன்றை மட்டும் நான் தள்ள மாட்டேன். யூகலிப்டஸ் பெரிய கிளைகளை முன்னறிவிப்பில்லாமல் உதிர்க்கக் கூடியது. 2018 நவம்பர் கஜா புயலில் கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்ததை மறந்துவிட முடியாது. மரத்தடியில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். எனவே மரம் அறிந்தவர்களை வைத்து அடிக்கடி சோதிக்க வேண்டும், கிளையைக் கழிக்க வேண்டும், உள்ளே உளுத்துப்போயிருந்தால் மனசில்லாமல் வெட்டவும் வேண்டும். மலைப் பகுதியில் மரம் வெட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும் என்று 1955லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கோடரியை ஓங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வைப்பதுதான் அதன் பயன். அந்தக் கேள்விக்கு "ஆபத்து" என்பது ஒரு பதில். "பாதை நேராக இருக்கணும்" என்பது பதிலே இல்லை.

இதையெல்லாம் பையனிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்போ வளைச்சுத்தான் போகணுமா மாமா?"

"ஆமாடா. இல்லைன்னா வேர் மேல பாரம் விழாம, தூண் நட்டுப் பலகை போட்டு உயர்த்திக் கொண்டு போ. எத்தனை அடி தள்ளிப் போகணும், தூண் எங்கெங்க வரணும்னு கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது நீதான். அதுக்குத்தானே படிச்சே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "வேர் எவ்வளவு தூரம் போகும்னு எப்படி மாமா தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டான். வெட்டுவதைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.