கண்வலிக்கிழங்கும் கௌட் மாத்திரையும்

பெரியகுளத்துக்காரர்களுக்கு அந்தக் கொடியைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐப்பசி மழை விழுந்ததும் மலையடிவாரத்து முள்வேலிகளில் இலை நுனியையே கொக்கியாக்கிப் பிடித்து ஏறும். கார்த்திகையில் அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாகத் தீ எரிவது போலப் பூக்கும். சங்கப் புலவர்களுக்கு அது காந்தள், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் பட்டியலே இந்தப் பூவில்தான் தொடங்குகிறது. அரசாங்கத்துக்கு மாநில மலர். ஊர் ஜனங்களுக்கோ கண்வலிப்பூ, உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது நம்பிக்கை. பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. தின்றால்தான் ஆபத்து!

இந்தக் கொடியின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கோல்ச்சிசின் என்ற பொருள்தான், கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கும் கௌட் நோய்க்கு உலகின் மிகப் பழைய மருந்துகளில் ஒன்று.

முதலில் நோய். சரக சம்ஹிதை இதை வாதரத்தம் என்று தனி அத்தியாயத்தில் விவரிக்கிறது. அதற்கு ஆட்யவாதம் என்று இன்னொரு பெயரும் தருகிறது, அதாவது பணக்காரர் வாதம். ஐரோப்பாவிலும் இதே பேச்சுதான், ராஜாக்களின் நோய் என்றார்கள். கறியும் மதுவும் அதிகம் உள்ள வீட்டுக்கு இந்த நோய் அடிக்கடி வந்தது உண்மையே. ஆனால் பரம்பரையும் சிறுநீரகமும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. 'தின்று கொழுத்ததால் வந்தது' என்ற கேலி மட்டும் இன்றுவரை போகவில்லை. அந்தக் கேலிக்குப் பயந்தே டாக்டரிடம் போகாமல் வலியைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கருங்கடல் ஓரத்து கொல்கிஸ் நாட்டின் பெயரைத் தாங்கிய கோல்ச்சிகம் என்ற செடி நம் காந்தளுக்கு உறவு, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். 6-ஆம் நூற்றாண்டில் டிராலஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற மருத்துவர் கௌட் வலிக்கு ஹெர்மோடாக்டில் என்ற கிழங்கைக் கொடுத்திருக்கிறார். அது கோல்ச்சிகமே என்பது பொதுவான கருத்து. வயிறு பிய்த்துக்கொண்டு போகும், ஆனால் வலி நிற்கும். விஷம் என்று பயந்து ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அதைக் கைவிட்டது. 1763-இல் வியன்னாவின் ஸ்டோர்க் என்ற மருத்துவர் மீண்டும் அதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். 1820-இல் பெல்லெத்தியேவும் காவெந்தூவும் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்தெடுத்ததும் இதே இருவர், இதே ஆண்டு! 1833-இல் கைகர் அதற்குக் கோல்ச்சிசின் என்று பெயர் வைத்தார். 1915-இல் க்ளூவர், கிரீன், டூட்டின் ஆகிய மூவர், நம் காந்தளிலும் அதே கோல்ச்சிசின் இருக்கிறது என்று வெளியிட்டார்கள்.

அதற்குப் பிறகு நம்மூர் வேலிக்கொடி பணப்பயிரானது. பழனி மலைக்கு இந்தப் பக்கம் பெரியகுளம், அந்தப் பக்கம் ஒட்டன்சத்திரம். அங்கிருந்து மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வரை கம்பிப் பந்தலில் கண்வலிக்கிழங்கு ஏறியது. மகசூல் வேண்டுமானால் காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. விலை கிலோ சில நூறுக்கும் சில ஆயிரத்துக்கும் நடுவே ஊசலாடும், விவசாயியின் ரத்த அழுத்தமும் கூடவே!

கோல்ச்சிசின் வேலை செய்யும் விதம்தான் அதன் ஆபத்தும். உடலின் செல்கள் பிரிவதற்கும் நகர்வதற்கும் உள்ளே நுண்குழாய்கள் தேவை. கோல்ச்சிசின் அவற்றைக் கட்டவிடாது. மூட்டுக்குப் படையெடுக்கும் வெள்ளை அணுக்கள் தடுமாறுவதால் வீக்கம் குறைகிறது. அளவு மீறினால் குடல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால் என்று வேகமாகப் பிரியும் செல்கள் எல்லாம் அடிவாங்கும். கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த ஒரு பெண்ணுக்கு உடம்பு முழுக்க முடி உதிர்ந்துபோனதை இலங்கையிலிருந்து ஒரு மருத்துவர் 1966-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். (செல் பிரிவதைத் தடுக்கும் இதே குணத்தை வைத்து 1937-இல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். 1990-இல் தொடங்கிய பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மாணவர்களுக்குக் கோல்ச்சிசின் என்றால் முதலில் இந்தப் பாடம்தான் நினைவுக்கு வரும்.)

இவ்வளவு விஷமுள்ள மருந்தை டாக்டர்கள் எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? வலி நிற்கும்வரை, அல்லது பேதி தொடங்கும்வரை, மணிக்கொரு தடவை! இருபதாம் நூற்றாண்டிலும் இதுதான் வழக்கம். 2010-இல் வெளியான ஒரு ஆய்வு இதை ஒழுங்காகச் சோதித்தது. 6 மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் ஒரு பக்கம், ஒரு மணி நேரத்தில் வெறும் 1.8 மில்லிகிராம் மறுபக்கம். வலி குறைந்தது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பேதியோ முன்னதில் 77 சதவீதம், பின்னதில் 23 சதவீதம். நூற்றாண்டுக் கணக்கில் நோயாளிகள் பட்ட பேதி பெரும்பாலும் வீண்.

சரி, வலி நின்றுவிட்டது. நோய் போய்விட்டதா? இல்லை. 1797-இல் வொலாஸ்டன் கௌட் கட்டியில் யூரேட் உப்பைக் கண்டார். 1848-இல் ஆல்பிரட் காரட் கௌட்காரர்களின் ரத்தத்திலேயே யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1961-இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் மூட்டு நீரில் ஊசி போன்ற படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கோல்ச்சிசின் அந்தப் படிகங்களைத் தொடுவதே இல்லை. தீயை அணைக்குமே தவிர விறகை எடுக்காது.

விறகை எடுக்கும் மருந்து வேறு வேலைக்காகத் தேடியபோது கிடைத்தது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மெர்காப்டோபியூரின் மருந்தை உடல் சீக்கிரம் சிதைத்துவிடுகிறதே, அந்தச் சிதைவைத் தடுக்கலாம் என்று அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அலோபியூரினாலைக் கையில் எடுத்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் ரண்டில்ஸ் அதைக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளின் யூரிக் அமிலம் மளமளவென்று இறங்கியது. சிதைக்கும் என்சைமும் யூரிக் அமிலத்தை உண்டாக்கும் என்சைமும் ஒன்றேதான். 1966-இல் கௌட்டுக்கு அனுமதி கிடைத்தது. 1988-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்தப் பிறப்புக் கதைக்குள்ளேயே ஒரு எச்சரிக்கையும் ஒளிந்திருக்கிறது. மெர்காப்டோபியூரினோ அதன் உறவான அசதியோபிரினோ சாப்பிடுகிறவருக்கு அலோபியூரினால் சேர்ந்தால், அந்த மருந்துகள் உடலில் குவிந்து மஜ்ஜையைக் கெடுக்கும். சிறுநீரக மாற்று செய்தவர்கள் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

இன்னொரு வேடிக்கை, நோயாளியைப் பொறுத்தவரை வேதனை. மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களில் வலி கூடலாம்! பழைய படிகங்கள் கரைந்து உதிரும்போது மூட்டு மறுபடி கொதிக்கும். 'மாத்திரை சேரவில்லை' என்று பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான், ஆனால் மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அந்த வலி. அதனால்தான் இப்போது 100 மில்லிகிராம், சிறுநீரகம் பழுதானவருக்கு அதற்கும் குறைவு என்று தொடங்கி, ரத்தத்தில் யூரிக் அமிலம் 6-க்குக் கீழே இறங்கும்வரை மெதுவாக ஏற்றுகிறார்கள். முதல் 3 முதல் 6 மாதங்களுக்குக் காவலாகக் குறைந்த அளவு கோல்ச்சிசினும் தருவதுண்டு. அந்தக் காவலாளியையும் கவனிக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் கோல்ச்சிசின் உடலை விட்டு வெளியேறாமல் விஷமாகும். சளிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் இதை நினைப்பதில்லை.

அலோபியூரினாலை உடனே நிறுத்த வேண்டிய தருணமும் ஒன்று உண்டு. தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண். பெரும்பாலும் முதல் 2 மாதங்களில் வரும், அரிது, ஆனால் உயிரை எடுக்கக்கூடியது. 2005-இல் தைவானில் இப்படிப் பாதிக்கப்பட்ட 51 பேரைச் சோதித்ததில், 51 பேருக்கும் எச்.எல்.ஏ-பி 5801 என்ற மரபணு வகை இருந்தது. அதன்பின் சீன, தாய்லாந்து, கொரிய வம்சத்தினருக்கு முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்யப் பரிந்துரை வந்தது.

2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெபுக்ஸோஸ்டாட், அலோபியூரினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று. இந்தியாவிலும் தாராளமாக எழுதப்படுகிறது. 2018-இல் வெளியான ஆய்வில் இதய மரணம் கூடுதலாகத் தெரிந்ததால், 2019-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. 2020-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அப்படிக் கூடுதல் இல்லை என்றது. இதய நோய் உள்ளவருக்கு எதைக் கொடுப்பது என்பதை இன்றும் ஆளைப் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.