கைவண்டி முதல் மின்மிதிவண்டி வரை

தூரப் பயணத்தின் வரலாறு நூல்களில் விரிவாக இடம்பெறுகின்றது. கப்பலுக்கும் இரயிலுக்கும் விமானத்திற்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. ஆனால் கடைத்தெருவுக்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட ஓரிரண்டு கிலோமீட்டரை மனிதன் எவ்வாறு கடந்தான் என்பதை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரைப் பொறுத்தவரை அச்சிறு தூரத்தின் வரலாறு, உழைப்பவனின் வரலாறும் ஆகும்.

தொடக்கத்தில் மாட்டுவண்டிகள் இருந்தன. குடிநீரைச் சுமந்து சென்ற அவ்வண்டிகளின் நினைவாகவே இன்றும் ‘கிரேத்தா ஆயர்’ என்னும் பெயர் நிலைத்திருக்கின்றது. மலாய் மொழியில் அதற்குத் ‘தண்ணீர் வண்டி’ என்பது பொருள். மாட்டுத் தொழுவங்கள் நிறைந்திருந்த சிராங்கூன் சாலை வட்டாரத்தில் நம்மவர்கள் கால்நடைத் தொழிலில் ஈடுபட்டிருந்ததையும் நாம் அறிவோம்.

1880ஆம் ஆண்டு ஷங்காயிலிருந்து கைரிக்‌ஷாக்கள் இங்கு வந்து இறங்கின. மாட்டின் இடத்தில் மனிதன் நின்றான். சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் பலர் முதலாளிகளிடம் வண்டியை வாடகைக்கு எடுத்து இழுத்தனர். அன்றைய வருவாயில் வாடகை போக மீந்ததே அவர்களுக்குக் கூலி. வண்டிகளைப் பதிவு செய்யவும் சோதிக்கவும் நீல் சாலைச் சந்திப்பில் எழுப்பப்பட்ட ரிக்‌ஷா நிலையக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கின்றது. வண்டிக்கு உரிமம் உண்டு. இழுப்பவனின் முதுமைக்கோ நோய்க்கோ எவ்வித உறுதியும் இல்லை!

1905இல் மின்சார டிராம் வண்டிகளும், 1926இல் கம்பிவழி மின்சாரம் பெற்ற டிராலி பேருந்துகளும் ஓடத் தொடங்கின. ஆகவே மின்சாரம் நம் சாலைக்குப் புதிதன்று. எனினும் அது பெருஞ்சாலைகளோடு நின்றுவிட்டது. சந்துகளில் மனிதனின் தசைவலிமையே தொடர்ந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டால் மூன்று சக்கர மிதிவண்டிகள் பெருகின. 1947இல் கைரிக்‌ஷா தடை செய்யப்பட்டது. பின்னர்ப் பேருந்தும் டாக்சியும் பெருகவே, மூன்று சக்கர மிதிவண்டியும் சுற்றுலாப் பயணிகளின் பொழுதுபோக்காகச் சுருங்கியது.

இதற்கிடையே வேறொரு வண்டி உருவாகிக்கொண்டிருந்தது. மின்மிதிவண்டிக்கான காப்புரிமை ஒன்றை ஆக்டன் போல்டன் என்னும் அமெரிக்கர் 1895இலேயே பெற்றிருந்தார். ஆயினும் 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம், மிதிக்கும் விசைக்கேற்பத் துணைபுரியும் மோட்டாருடன் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே அதன் உண்மைப் பயணம் தொடங்கியது எனலாம். மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவும் என்பதே அதன் அடிப்படை. சிங்கப்பூர் விதிகளும் இதையே வலியுறுத்துகின்றன. மோட்டாரின் திறன் 250 வாட்டையும், வண்டியின் எடை 20 கிலோவையும் மீறலாகாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டாரின் துணை நின்றுவிட வேண்டும்.

இவ்வண்டியின் பெருக்கத்திற்கு 2019ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அதுவரை உணவு விநியோகம் செய்தோர் பலர் மின்ஸ்கூட்டர்களை நடைபாதையில் ஓட்டிவந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதிய விபத்தில், மிதிவண்டியில் சென்ற முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர்கள் தடை செய்யப்பட்டன. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு கேள்விக்குறியாயிற்று. அவர்கள் வண்டி மாற்றிக்கொள்ள 70 இலட்சம் வெள்ளி உதவித்திட்டம் அறிவிக்கப்பட்டது. பலர் மின்மிதிவண்டிக்கு மாறினர். ஆனால் அதற்கும் நடைபாதையில் இடமில்லை. சாலையிலும் மிதிவண்டிப் பாதையிலும் மட்டுமே செல்லலாம். 2022 ஜனவரி முதல் அதனை ஓட்டுவோர் எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும்.

இவற்றில் எப்பக்கத்தைக் குறை கூறுவது? நடைபாதையில் நடக்கும் பாட்டியின் உயிரும் பெரிது. மழையில் உணவுப்பையோடு விரையும் இளைஞனின் பிழைப்பும் பெரிது. இருவரையும் ஒரே குறுகிய பாதையில் நிறுத்திவிட்டு ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவதால் பயனில்லை. 2030க்குள் மிதிவண்டிப் பாதைகளை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டராக விரிவாக்கும் திட்டம் அதனால்தான் முக்கியத்துவம் பெறுகின்றது.

பாதையைவிட மேலான மாற்றம் ஒன்றும் நிகழ்ந்துள்ளது. 2025 ஜனவரி முதல் நடப்பிலுள்ள சட்டம், இணையத்தளங்கள்வழிப் பணியாற்றும் இத்தகைய ஊழியர்களுக்குப் பணியிட விபத்து இழப்பீட்டை உறுதிசெய்ததோடு மத்திய சேமநிதிப் பாதுகாப்பையும் வலுப்படுத்தியது. ரிக்‌ஷா இழுத்தவனுக்கு எட்டாத ஒன்று, நூற்றாண்டு கடந்து மின்மிதிவண்டி மிதிப்பவனை எட்டியுள்ளது.

ஒரு நகரம் முன்னேறிவிட்டதா என்பதை வண்டியின் வேகத்தைக் கொண்டு அளக்கலாகாது. நம் வீட்டு வாசலில் உணவை வைத்துவிட்டுச் செல்பவர் நலமாக வீடு திரும்புகின்றாரா என்பதே சரியான அளவுகோல். நம் மாணவச் செல்வங்களுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.