டான் குவிக்ஸாட்டை எழுதிய அரபு ஆசிரியர்

வீரக் கதைகளில் எதிரிக்கு முகம் இருப்பது அரிது. நாயகனின் வாளுக்கு இரையாகவே அவன் தோன்றுகிறான், வீழ்ந்ததும் மறக்கப்படுகிறான். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் மக்கள் விரும்பிப் படித்த குதிரைவீரர் கதைகளில் அந்த இடத்தில் நின்றோர் அரக்கரும் சூனியக்காரரும் ‘மூர்’களும் ஆவர். மூர் என்பது முஸ்லிம்களுக்கு அம்மக்கள் வழங்கிய பெயர். 1508-இல் ஸரகோஸா நகரில் அச்சான ‘அமாதிஸ் தெ கௌலா’வைப் பின்பற்றி எழுந்த கதைகள் பல. இவற்றை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பலாகாதென 1531-இல் அரசாணையே பிறந்தது என்றால், மக்களுக்கு இவற்றின்மீதிருந்த மோகத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இக்கதைகளுக்கு மற்றொரு மரபும் உண்டு. ஆசிரியர் தாமே புனைந்ததாக ஒப்புவதில்லை. எங்கோ கிடைத்த பழஞ்சுவடியை மொழிபெயர்த்ததாகவே கூறுவார். அமாதிஸ் கதையைத் திருத்தி வெளியிட்ட மொந்தால்வோ, அதன் தொடர்ச்சி கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அருகே ஒரு நிலத்தடிக் கல்லறையில் கிடைத்ததென்றும், ஹங்கேரி நாட்டு வணிகர் ஒருவர் அதனைக் கொணர்ந்தாரென்றும் எழுதிவைத்தார். இந்த இரு மரபுகளையும் ஒரே அடியில் தகர்த்தவர் மிகுவேல் தெ செர்வான்தெஸ்.

முஸ்லிம்களைப் பகைக்க அவருக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. 1571-இல் உஸ்மானியக் கடற்படைக்கு எதிரான லெபாந்தோ போரில் அவரது இடக்கை பயனிழந்தது. 1575-இல் கடலில் சிறைப்பட்டு, அல்ஜியர்ஸ் நகரில் ஐந்தாண்டுகள் அடிமையாகக் கிடந்தார். நான்கு முறை தப்ப முயன்றும் பலிக்கவில்லை. 1580-இல் மீட்புப்பணம் செலுத்தப்பட்ட பின்னரே தாயகம் கண்டார். அத்தகைய மனிதர் 1605-இல் வெளியிட்ட ‘டான் குவிக்ஸாட்’ முதற்பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் என்ன செய்தார் என்பதை நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

நாயகனும் அவன் எதிரியும் வாளோங்கி நிற்கும் தறுவாயில் கதை திடீரென நின்றுவிடுகிறது. மூலச்சுவடி அத்தோடு முடிந்துவிட்டதாம்! கதைசொல்லி தொலேதோ நகரின் கடைவீதியில் அலைகிறார். பட்டு வணிகனிடம் பழைய காகிதங்களை விற்க வந்த சிறுவனின் கையில் அரபு எழுத்தில் அமைந்த ஏடுகளைக் காண்கிறார். படித்துச் சொல்ல ஒரு மூரிஸ்கோவைத் தேடிப் பிடிக்கிறார். மூரிஸ்கோ என்பார் வற்புறுத்தலால் கிறித்தவராக்கப்பட்ட முஸ்லிம்களும் அவர்தம் வழிவந்தோரும் ஆவர். அவர் ஏட்டைப் புரட்டியதும் சிரித்துவிடுகிறார். நாயகன் உலகப் பேரழகியென்று போற்றும் துல்சினேயா, பன்றி இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்துவதில் கைதேர்ந்தவள் என்று ஓரக்குறிப்பொன்று கூறுகிறதாம்! பன்றி இறைச்சியைத் தொடாதவர்மீது சமய விசாரணை மன்றத்தின் கண் விழுந்த நாட்டில், இச்சிரிப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஏடுகள் அரை ரியாலுக்குக் கைமாறுகின்றன. மொழிபெயர்ப்புக் கூலி இரண்டு அரோபா உலர்திராட்சையும் இரண்டு பனேகா கோதுமையும். அளவைப் பெயர்கள் இரண்டுமே அரபியிலிருந்து வந்தவை. மூல ஆசிரியர் பெயர் சீதே ஹமேத்தே பெனெங்கேலி. ‘சீதே’ என்பது நம் ‘ஸய்யிதீ’யே. கல்லறைச் சுவடி பழங்காகிதக் கட்டாயிற்று. வீரனின் வரலாற்றை எழுதும் எழுதுகோல் அவனுடைய எதிரியின் கைக்குச் சென்றது. அரபிகள் பொய்யர்கள் என்று கதைசொல்லி அங்கேயே பழிப்பதும் உண்மை. ஆனால் நூல் முழுதும் அந்தப் ‘பொய்ய’ரையே சான்றாகக் காட்டி நடக்கிறது. பழிப்பு யார்மீது திரும்புகிறது?

அரபியில் எழுதுவதும் படிப்பதும் 1567-இல் அரசாணையால் தடுக்கப்பட்டிருந்தன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் வடித்து அரபுத்தமிழ் கண்டதுபோல், மூரிஸ்கோக்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். ‘அல்ஹமியாதோ’ எனப்படும் அவ்வேடுகளில் மார்க்க நூல்களோடு வீரக் கதைகளும் இருந்தன. அரகோன் பகுதியின் அல்மோனாசித் தெ லா சியெரா என்னும் ஊரில், பழைய வீடொன்றின் மறைவிடத்திலிருந்து அவ்வேடுகளின் பெருந்தொகுதி ஒன்று வெளிப்பட்டது 1884-இல்.

புனிதப் போர் என்னும் மரபையும் செர்வான்தெஸ் விட்டுவைக்கவில்லை. புழுதி கிளப்பிவரும் இரு படைகளைக் குவிக்ஸாட் காண்கிறான். ஒன்றின் தலைவன் அலிபன்பரோன், திராபோபானா தீவின் அரசன். இலங்கைக்குக் கிரேக்கர் இட்ட பழம்பெயர்தான் அது! கிறித்தவ இளவரசியை விரும்பும் இவன் தன் மதத்தைத் துறந்தாலன்றிப் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறான் அவள் தந்தை. நாயகன் ஈட்டியோடு பாய்கிறான். எதிரே இருந்தவை இரண்டு ஆட்டுமந்தைகள். ஏழுக்கு மேற்பட்ட ஆடுகள் மாண்டன. இடையர் எறிந்த கவண்கல்லில் வீரனின் பற்கள் உதிர்ந்தன.

1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பொம்மலாட்டம். மூர்களின் நகரில் பள்ளிவாசல் கோபுரங்களிலிருந்து மணியோசை எழுவதாகக் காட்டப்படுகிறது. குவிக்ஸாட் குறுக்கிடுகிறான்: மூர்களிடம் மணி ஏது? பறையும் ஊதுகருவியுமே உண்டு என்கிறான். ஆட்டக்காரனோ, பிழை மலிந்த நாடகங்களை ஊரே கைதட்டிப் பார்க்கிறதே என்று தட்டிக்கழிக்கிறான். அல்ஜியர்ஸில் ஐந்தாண்டு பாங்கோசை கேட்டவரின் பேனா இங்கே தெரிகிறது. பிறகு அதே குவிக்ஸாட் வெறிகொண்டு மூர் பொம்மைகளை வெட்டிச் சாய்த்து, உடைந்தவற்றுக்கு ஒவ்வொன்றாக விலை கொடுக்கிறான்.

இவ்விரு பாகங்களுக்கும் இடையில்தான் பேரிடி விழுந்தது. 1609 முதல் 1614 வரை, மூன்றாம் பிலிப் மன்னன் ஆணையால் ஏறத்தாழ 3,00,000 மூரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டனர். மறு ஆண்டு வெளியான பாகத்தில் சான்சோ பான்ஸா வழியில் ஒருவரைச் சந்திக்கிறான். ஜெர்மானிய யாத்திரிகரோடு மாறுவேடத்தில் வரும் அவர், அவனுடைய ஊரில் கடை வைத்திருந்த மூரிஸ்கோ ரிகோத்தே! வாளுமில்லை, மந்திரமுமில்லை, இருவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்கிறார்கள். எங்கிருந்தாலும் பிறந்த ஸ்பெயினுக்காகவே அழுகிறோம் என்கிறார் அவர். அவருடைய மகள் ஊரைவிட்டுப் போன நாளில் ஊரே அழுததைச் சான்சோ சொல்கிறான். புதைத்த பொருளை எடுக்க உதவினால் 200 எஸ்குதோ தருவதாக அவர் கூற, சான்சோ மறுக்கிறான். காட்டிக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறான்.

அரசாணை நியாயமானதே என்றும் ரிகோத்தேயைச் சொல்லவைக்கிறார் செர்வான்தெஸ். அச்சேற அரச அனுமதி வேண்டியிருந்த காலம் அது. ஆயினும் 1613-இல் அவர் வெளியிட்ட இரு நாய்களின் உரையாடல் கதையில் மூரிஸ்கோக்களைப் பற்றிய கடுஞ்சொற்கள் உள்ளன. அவரை நம் தோழராக்கிக் கொண்டாட நாம் விரும்பவில்லை. அவர் மனத்தில் இரண்டும் இருந்தன என்றே கொள்கிறோம்.

கதையின் இறுதிப் பகுதியில் ரிகோத்தே பார்சலோனாவில் தம் மகளைக் கண்டடைகிறார். இருவரும் நாட்டிலேயே தங்க அனுமதி கேட்டு ஒருவர் அரசவைக்குச் செல்ல முன்வருகிறார். பொருளோ பரிந்துரையோ அங்கே பலிக்காது என்று ரிகோத்தே தலையசைக்கிறார். அதற்குப்பின் அந்தத் தந்தையும் மகளும் என்னவானார்கள் என்பதைச் சீதே ஹமேத்தே எழுதவில்லை.