பழைய கார், புல்லட் விற்கப் போறீங்களா? சாவி கொடுக்கும் முன் இதை கவனிங்க!

1949ல் எண்ணூரில் அசெம்பிள் செய்யத் தொடங்கிய ஆஸ்டின் ஏ40 கார், 1950களில் திருவொற்றியூரில் தயாரான புல்லட்... வடசென்னையில் பிறந்த இந்த வண்டிகளுக்கு இன்னைக்கும் மவுசு குறையல. நல்லா பராமரிச்ச வண்டியை புரோக்கர் இல்லாம நீங்களே விற்கலாம். ஆனா பேப்பர் வேலையில் கோட்டை விட்டா சிக்கல் உங்களுக்குத்தான்.

என்ன சிக்கல்?

ஆர்சியில் யார் பெயர் இருக்கோ, சட்டப்படி அவர்தான் உரிமையாளர். வண்டியை விற்ற பிறகு பெயர் மாற்றாத நிலையில் விபத்து நடந்தால், ஆர்சியில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என்ன செய்யணும்?

* ஆர்சி காலாவதியாகி இருந்தா முதல்ல புதுப்பிங்க.
* தமிழ்நாட்டுக்குள் விற்றால், படிவம் 29 மூலம் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்கு தெரிவிக்கணும்.
* படிவம் 30ல் வாங்குபவரும் கையெழுத்து போடணும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து போட்டுக் கொடுக்காதீங்க.
* வெளிமாநிலத்துக்கு போகுதா? படிவம் 28ல் என்ஓசி வாங்கணும்.
* இன்சூரன்ஸையும் வாங்குபவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்க.

50 வயசு தாண்டிய வண்டியா?

பெரிய மாற்றம் செய்யாத வண்டியை, 2021 விதிப்படி 'வின்டேஜ்' வாகனமா பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு கட்டணம் ரூ.20,000. பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஆனா தினசரி ஓட்ட அனுமதி இல்லை. இதை விற்றால் 90 நாட்களுக்குள் இருவரும் போக்குவரத்து துறைக்கு தெரிவிக்கணும்.

பணம் கைக்கு வந்தாலும், ஆர்சியில் பெயர் மாறிடுச்சான்னு பரிவாகன் தளத்தில் பார்த்த பிறகுதான் விற்பனை முடிஞ்சதா அர்த்தம்.